பிரசாதம் என்று எழுதிக் கொடுத்த கடிதம்

அந்த விண்ணப்பத்தில் பதினொரு கேள்விகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொன்னால் போதும். ஒன்பதாவது கேள்வி எனக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியதற்காக நீதிமன்றத்தால் எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?

ஆம், தண்டிக்கப்பட்டிருக்கிறேன். இந்த 'ஆம்' என்ற ஒரு வார்த்தையை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பொய் சொல்வதற்குத்தான் மெனக்கெட வேண்டும் என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கம் பொய் தன்பாட்டுக்கு நடந்துவிடுகிறது. உண்மையைச் சொல்வதற்குத்தான் நாலு பஸ் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தியிருக்கும் விமானம் தானாகப் பின்னால் வராது. தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும் ஒரு கனமான டிராக்டர், விமானத்தின் மூக்குச் சக்கரத்தில் இரும்புத் தண்டை மாட்டி, அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்த் திருப்பி விட வேண்டும். உள்ளே ஆட்கள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். திருப்பும்போது கோணம் தப்பினால் மூக்குச் சக்கரத்தின் கால் முறுக்கிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிற விமானத்தின் இறக்கையிலும் இடிக்கும். அந்த டிராக்டரை ஐந்து வருஷம் வளைகுடா நாடு ஒன்றில் ஓட்டினேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தேன். வந்த வருஷமே போலீஸில் மாட்டினேன்.

லைசென்ஸை ஆறு மாதம் முடக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டினேன். அறுப்பு இருக்கும்போது தூங்க நேரமிருக்காது, இல்லாதபோது தூங்குவதைத் தவிர வேலையிருக்காது. அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில்தான், திருச்சியில் விமானங்களுக்குத் தரை வேலை பார்க்கும் ஒரு கம்பெனி டிராக்டர் ஓட்ட ஆள் எடுக்கிறது என்று வளைகுடாவில் கூட இருந்த நண்பன் ஒருவன் விளம்பரத்தை அனுப்பினான். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அம்மா கையால் சாப்பாடு. மறுபடி மணலுக்குப் போக வேண்டாம். இதை விட்டால் எனக்குத் தெரிந்த தொழிலுக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை. புதுக்கோட்டையில் யாரும் விமானம் வைத்திருக்கவில்லை.

நான் மாட்டிய கதையை எங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்கிறேன். திருவரங்குளம் தாண்டி முந்திரிக் காட்டுக்குள் எங்கள் குலசாமி கருப்பர் இருக்கிறார். அந்த வருஷம் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து கிடா வெட்டினோம். கருப்பருக்குப் படையலில் கறிச்சோறு, சுருட்டு, ஒரு பாட்டில். முன்பெல்லாம் சாராயம் வைத்தார்களாம், இப்போது கடையில் வாங்கிய பிராந்தி. கருப்பர் ஒன்றும் சொல்வதில்லை. பூசை முடிந்ததும் ஆண்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தம்ளரில் ஊற்றித் தருவார்கள். வேண்டாமென்றால் சாமி குற்றம். சித்தப்பா என் கையில் ஒரு தம்ளரைத் திணித்தார், குடித்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு அம்மாவை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா மடியில் கறிச்சட்டி. அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் "கருப்பா, கருப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாமி கும்பிட்டுவிட்டு வருகிற நிறைவு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வளைவில் போலீஸ் நின்றிருந்தது. கையைக் காட்டினார்கள், நிறுத்தினேன். ஊதச் சொன்னார்கள், ஊதினேன். மிஷின் கத்தியது.

"சாமி பிரசாதம்ங்கய்யா அது" என்றாள் அம்மா, சட்டியோடு இறங்கி.

"எந்தக் கோயில்லம்மா பிராந்தி பிரசாதம்?" என்றார் போலீஸ்காரர்.

"கருப்பர் கோயில்லங்கய்யா. நீங்களும் இந்தப் பக்கத்து ஆளாத்தானே இருக்கீங்க, தெரியாத மாதிரி கேக்குறீங்களே."

அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் வழக்குப் போட்டார்.

கோர்ட்டில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டபோது எனக்கு முன்னால் நின்றவர் ஒத்துக்கொண்டார், நானும் ஒத்துக்கொண்டேன், எனக்குப் பின்னால் நின்றவர் கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொண்டார். அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டோம். அங்கே இருந்த யாருக்கும் தண்டனை வாங்கியதாகத் தோன்றவில்லை. கரண்ட் பில் கட்டிவிட்டு வந்தது போலத்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஒன்பதாவது கேள்வியைப் படித்த பிறகுதான் அன்றைக்கு நடந்ததற்கு என்ன பெயர் என்று புரிந்தது.

விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் அக்கா பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பாதி ஜில்லாவின் தலையெழுத்து அவர் விரல் நுனியில் இருக்கிறது. அன்றைக்குக் கடை நிறையக் கூட்டம். என் சான்றிதழ்களை வாங்கி ஸ்கேன் செய்தார், போட்டோவை ஏற்றினார், விரல்கள் பறந்தன.

"அக்கா, அந்த ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் ஆமான்னு போடணும்" என்றேன்.

"போட்டாச்சு தம்பி, ஓடிபி வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க."

சொன்னேன். அதுதான் என் மடத்தனம். திரையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். பிரிண்ட் கைக்கு வந்ததும் பார்த்தேன். பதினொரு கேள்விக்கும் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே பதில்: இல்லை, இல்லை, இல்லை. கனரக வாகனம் ஓட்டும் உரிமம் வைத்திருக்கிறீர்களா என்று ஆறாவது கேள்வி. அதற்கும் இல்லை. அதாவது, நான் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதே கிடையாது, ஏனென்றால் எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது, ஆகவே எனக்கு விமானம் தள்ளும் வேலையைக் கொடுங்கள் என்று விண்ணப்பித்திருந்தேன்.

"அக்கா, என்னக்கா இது?"

"எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் தம்பி போடணும். ஆமான்னு போட்டா அதுக்கு ஒரு பாக்ஸ் தொறக்கும், அதுல வெவரம் கேக்கும், அதுக்கு ஒரு பேப்பரு கேக்கும். எம்புட்டுப் பேருக்குப் போட்டுருக்கேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"லைசென்ஸ் இருக்கான்னு கேட்டதுக்கும் இல்லைன்னு போட்டுருக்கீங்களே."

பிரிண்டை வாங்கிப் பார்த்தார். "அய்யய்யோ" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "அது தப்புதான். அத மாத்தச் சொல்லி ஒரு மெயில் போட்டுருவோம்."

"ஒன்பதாவதையும் மாத்தணும்."

"அது சரியாத்தானே இருக்கு?"

"இல்லக்கா. கேஸு இருக்கு."

"கேஸுன்னா கொலை, கொள்ளைன்னு இருக்கணும் தம்பி. இதெல்லாம் ஒரு கேஸா? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு இருக்கு." பின்னால் நின்ற இரண்டு பேர் அவருக்காகத் தலையாட்டினார்கள். ஒருவர், தனக்கும் ஒன்று இருப்பதாகச் சொல்லி என் தோளில் தட்டிக் கொடுத்தார். எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்கள் இவ்வளவு பேர் சேர்ந்துவிட்டால் ஒரு மனிதன் யோக்கியமாக இருப்பது மகா கஷ்டம்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து என் போனிலேயே மெயிலை எழுதினேன். இரண்டு பதில்கள் தவறு. ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் ஆம் என்று இருக்க வேண்டும். பேசாமல் விட்டிருக்கலாமோ என்று மூன்று நாளும் தோன்றிக்கொண்டே இருந்தது. யோக்கியன் என்பதால் எழுதவில்லை. விமான நிலையத்தில் வேலைக்கு எடுப்பதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு, பொய் என்று தெரிந்தால் வேலையும் போகும், மானமும் போகும் என்கிற பயத்தில்தான் எழுதினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலோடும், நடந்ததை விளக்கி எழுத்துமூலமான கடிதத்தோடும் இன்ன தேதியில் நேரில் வரவும். மறுக்கவில்லை, அழைத்திருந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நகல் வாங்கக் கோர்ட்டுக்குப் போனால் கேஸ் நம்பர் கேட்டார்கள். நம்பர் இல்லாமல் எதைத் தேடுவது என்றார் அங்கிருந்தவர். நியாயமான கேள்வி. அபராதம் கட்டிய ரசீதை அன்றைக்கே வீட்டு வாசலில் கசக்கி எறிந்தது நான்தான். வீட்டுக்கு வந்து, வேறு காகிதம் ஏதாவது இருக்குமா என்று அலமாரியைப் புரட்டினேன், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன், எரிச்சலில் அம்மாவிடம் கத்தினேன். அவள் சாமி மாடத்துக்குப் போய், கருப்பர் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து நீட்டினாள். விபூதி அப்பிக் கிடந்தது. நம்பர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"இத ஏம்மா அங்க வச்ச?"

"நீ வேணாம்னு தூக்கிப் போட்ட. நான் எடுத்து வச்சேன்."

அதற்கு மேல் கேட்கவில்லை. கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் சீட்டு என்று அம்மா எதையும் தூக்கி எறிய மாட்டாள், அந்த வகையில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். நகல் கிடைத்தது. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் குற்றவாளி என்று இருந்தது. வீட்டில் யாருக்கும் அதை வாசித்துக் காட்டவில்லை.

விளக்கக் கடிதம்தான் என்னைக் கவிழ்த்தது. சித்தப்பா பஞ்சாயத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாளுக்கு ஊரில் பாதிப்பேர் அவரிடம்தான் எழுதி வாங்கிப் போவார்கள். நான் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கண்ணாடியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

"குடிச்சேன்னு எழுதக் கூடாதுப்பா. பிரசாதம்னு எழுதணும்."

"சித்தப்பா, அவங்க கேக்குறது குடிச்சியா இல்லையான்னு."

"அதத்தான் சொல்றேன். சாமிக்குப் படைச்ச பெறகு அது சரக்கா? தேங்கா ஒடைச்சா அது தேங்காயா, பிரசாதமா?"

"ஆமா, அவரு சொல்றது சரிதானே" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து. மூன்று வருஷமாகப் பெண் வீட்டாருக்கெல்லாம் அவள் சொல்லி வந்த கதையும் அதுதான். பையன் மேல் ஒரு கேஸ் இருக்காமே என்று யாராவது இழுத்தால், சாமி பிரசாதம் சாப்பிட்டதற்குப் போய்ப் போலீஸ் பிடித்துவிட்டது என்று முடித்துவிடுவாள். கேட்பவர்கள் போலீஸைத் திட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். பெண் மட்டும் கிடைத்ததில்லை.

சித்தப்பா எழுதினார். 'தொன்றுதொட்டு எமது குலவழக்கப்படி அருள்மிகு கருப்பர் சுவாமிக்கு நிவேதனம் செய்யப்பட்ட பிரசாதத்தினைப் பெரியோர் வற்புறுத்தலுக்கிணங்க மறுக்க இயலாத சூழ்நிலையில் சிறிதளவு உட்கொண்டமையால்' என்று போயிற்று அந்த வாக்கியம். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். அதன் முடிவில் நான் ஏறக்குறைய ஒரு பக்தனாகியிருந்தேன். வாசித்தபோது சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டேன். அலைச்சலில் சலித்துப் போயிருந்தேன் என்று சொல்லலாம். உண்மையில் அந்தக் கடிதம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. யார் கேட்டாலும் இதே கதையைச் சொல்லிச் சொல்லி, எனக்கே அது பாதி நிஜமாகிவிட்டிருந்தது.

நேர்காணல் அறையில் மூன்று பேர். இரண்டு பேர் டிராக்டரைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கெல்லாம் நான் தடுமாறவில்லை. தண்டை மாட்டுவது, சைகை காட்டுபவர் கண்ணில் படாவிட்டால் உடனே நிறுத்துவது, திருப்பும் கோணம், எல்லாம் கேட்டு முடித்து இருவரும் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி, ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. அவர் அதுவரை பேசவில்லை. சித்தப்பாவின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தைப் படித்து முடிக்க நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

"அடுத்த கிடா வெட்டு எப்பங்க?" என்று கேட்டார்.

"இன்னும் சில மாசத்துல வரும் மேடம்."

"அன்னைக்கும் பிரசாதம் தருவாங்களா?"

"தருவாங்க."

"மறுக்க முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. மறுநாள் காலையில ஆறு மணிக்கு உங்களுக்கு டூட்டி. என்ன செய்வீங்க?"

குடிப்பேன் என்றால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குடிக்க மாட்டேன் என்றால், அன்றைக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்பார். வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சித்தப்பா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்து அவருடையது இல்லை.

"இந்தக் கடிதத்துல சாமி இருக்கு, பெரியவங்க இருக்காங்க, வழக்கம் இருக்கு" என்றார் அவர். "வண்டி ஓட்டினவரைத் தேடிப் பாத்தேன், காணோம். மொத்தம் எத்தனை தம்ளர் குடிச்சீங்க?"

ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று வருஷப் பழக்கம், நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் எப்படி விழுங்கினேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

"நாலு மேடம். பூசைக்கு முன்னாடியே முந்திரிக் காட்டுக்குள்ள உக்காந்து மூணு. நாலாவதுதான் பிரசாதம்."

மற்ற இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

"தனியாவா வந்தீங்க வண்டியில?"

"இல்லைங்க. பின்னாடி எங்க அம்மா இருந்தாங்க."

பேனா நின்றது. என்னைப் பார்த்தார். "அது கடிதத்துல இல்லையே."

"இல்லைங்க."

பிரசாதமா சரக்கா என்று வீட்டில் மூன்று வருஷம் வாதாடியிருக்கிறோம். பின் சீட்டில் யார் இருந்தது என்பதை ஒருவரும் பேசியதில்லை. நானே அதை அந்த அறையில் வைத்துத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் கூசிப் போய்விட்டது. அந்தக் கூச்சத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். யாரோ முன்பின் தெரியாத நூற்றைம்பது பேரை என்னை நம்பி விமானத்தில் உட்கார வைப்பார்களா என்று கேட்க வந்திருக்கிறேன். பெற்றவளையே பின்னால் உட்கார வைத்து அப்படி ஓட்டியிருக்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வெளியே உட்கார்ந்து நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார். ஐந்து வரிதான் வந்தது. பூசைக்கு முன்பு மூன்று தம்ளர், பின்பு ஒன்று. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பின்னால் என் அம்மா இருந்தார். விபத்து நடக்கவில்லை, போலீஸ் நிறுத்தியதால். அதற்குப் பிறகு நான் குடித்துவிட்டு எந்த வண்டியையும் தொடவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

வீட்டில் நான் தம்ளர் கணக்கைச் சொல்லவில்லை. கடிதத்தை மாற்றி எழுதினேன் என்று மட்டும் சொன்னேன். சித்தப்பாவுக்கு ஏற்பட்ட துக்கம், அவருடைய மனு ஒன்றைக் கலெக்டரே கிழித்துப் போட்டிருந்தாலும் ஏற்பட்டிருக்காது.

"எவ்வளவு பக்குவமா எழுதிக் குடுத்தேன். போயிக் கெடுத்துட்டு வந்து நிக்கிறியே. ஒனக்கெல்லாம் எழுதிக் குடுத்தேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தெருவில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்ப்பா, கேக்காததயெல்லாம் ஏன் சொன்ன?" கேட்டார்கள், அதனால்தான் சொன்னேன் என்று எத்தனை பேருக்குச் சொல்வது? ஒரு கட்டத்தில் டீக்கடைக்குப் போவதையே நிறுத்தினேன்.

ஏழு வாரம் ஒன்றும் வரவில்லை. அறுப்பு மிஷினுக்கே மறுபடி சொல்லி வைத்துவிட்டேன். எட்டாவது வாரம் மெயில் வந்தது: வேலை உண்டு. ஒரு வருஷம் தகுதிகாண் காலம். மற்றவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி ஆள் தேர்ந்தெடுத்து ஊதச் சொல்வார்கள். நான் மட்டும் ஒவ்வொரு நாளும் வண்டியைத் தொடுவதற்கு முன் ஊத வேண்டும். ஒரு தடவை ஏதாவது காட்டினாலும் வேலை முடிந்தது. சம்மதமென்றால் கையெழுத்திட்டு வரவும். இரண்டு தடவை வாசித்தேன், ஒரு வரியும் விடாமல். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் ஊதுவதற்குக் குழாயை வாயில் வைத்தேன். மூன்று வருஷத்தில் எப்போதோ குடித்த இருமல் மருந்து வரைக்கும் ஞாபகம் வந்தது. பூஜ்யம் காட்டியது. அதைச் சோதித்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்தது என்றார். இப்போதும் ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நொடி எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. என்னை மட்டும் என்று உள்ளே முணுமுணுத்துக்கொண்டேதான் ஊதுகிறேன். ஊதிவிட்டுப் போய் டிராக்டரில் ஏறுகிறேன்.

கிடா வெட்டு வந்தது. மறுநாள் காலை எனக்கு டூட்டி. பூசை முடிந்து ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் தள்ளி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சித்தப்பா தம்ளரோடு அங்கேயே வந்துவிட்டார்.

"வேணாம் சித்தப்பா. நாளைக்கு ஊதணும்."

"ஒரு மூடிதாம்ப்பா. நாளைக்குள்ள எறங்கிரும். சாமி குத்தம் ஆயிரும்."

"வேணாம்னா விடுங்க."

"அன்னைக்கு இந்த ஒரு தம்ளர் பிரசாதத்துக்குப் போயி அந்தப் போலீஸ்காரன் பிடிச்சான்னு, அதுக்காக நீ சாமியவே வெறுத்துட்ட" என்றார், சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தேன். "ஒரு தம்ளரா? நாலு சித்தப்பா. மூணு அந்தா, அந்த முந்திரி மரத்தடியில. அதுல ரெண்டு நீங்க ஊத்துனது. பிரசாதம் நாலாவது. உங்களுக்குத் தெரியாதா?"

காடே கேட்கும்படி கத்திவிட்டேன் போல. இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். சித்தப்பா தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அவருடைய பயமெல்லாம் அங்கேதான் இருந்தது. என்னுடையதும்தான்.

அம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பூசைக்கு நிக்கயிலேயே ஒன் வாயி நாறுச்சு. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் எதுக்கும்மா வண்டியில ஏறுன?"

"நீ ஓட்டுற வண்டியில நான் ஏறாம?" என்றாள், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "வேணாம்டான்னு சொன்னா அத்தன பங்காளிக்கு முன்னாடி ஒனக்குக் கேவலம். ஏறிட்டேன். உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுக் கருப்பா கருப்பான்னுதான் வந்தேன். அந்த வளைவுல போலீஸ்காரன் கையக் காட்டுனான் பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ரசீது ஏன் கருப்பர் படத்துக்குப் பின்னால் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சித்தப்பா தம்ளரை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் குடத்தை எடுத்து மறுபடி தண்ணீர் ஊற்றினேன். அம்மாவைப் பார்க்க முடியவில்லை, அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஊற்றினேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். அம்மா கறிச்சட்டியோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையால்தான் சட்டியைப் பிடித்திருந்தாள், இன்னொரு கை என் தோளில் இருந்தது. அந்த வளைவில் இந்தத் தடவை போலீஸ் இல்லை. வீடு வந்து சேரும்வரை கருப்பர் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. போன பொங்கலுக்கு வாங்கிப் போன அண்டாவை எதிர்வீட்டுக்காரி இன்னும் திருப்பித் தராததைப் பற்றியே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.